பங்கரில் கடை திறக்கும் முன்

ஹாம்பர்க் நகரின் சாங்க்ட் பவுலி பகுதியில், கால்பந்து அரங்கத்தை ஒட்டி நிற்கும் பழைய போர்க்கால பங்கரின் உச்சிக்கு 2024 ஜூலை முதல் யார் வேண்டுமானாலும் கட்டணமில்லாமல் ஏறிப் பார்க்கலாம். கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு அரை கிலோமீட்டருக்கு மேல் மேலேறும் நடைபாதை, அதன் ஓரமெல்லாம் செடிகளும் சிறு மரங்களும், உச்சியில் 134 அறைகள் கொண்ட ஹோட்டல், உணவகம், விளையாட்டுக் கூடம் என்று அந்த இடமே மாறியிருக்கிறது. கீழ்த்தளங்களில் பல ஆண்டுகளாகவே இரவு விடுதியும் இசைப் பயிற்சிக் கூடங்களும் இருந்துவருகின்றன. 1942இல் நாஜி அரசு 300 நாள்களில் எழுப்பிய அந்த விமான எதிர்ப்புக் கோபுரத்தின் உயரம் 38 மீட்டர். இப்போது ஐந்து புதிய தளங்கள் சேர்ந்து 58 மீட்டர் ஆகியிருக்கிறது. இதைப் பற்றி எழுதும் பயண இதழ்கள் வியப்போடு நிறுத்திக்கொள்கின்றன. இன்னொரு தரப்பார், கொலைகார ஆட்சி ஒன்றின் கட்டடத்தில் விருந்தும் ஆட்டமுமா என்று முகம் சுளிக்கிறார்கள். இரு தரப்புமே பாதி வழியில் நின்றுவிடுகின்றன. போர்க்கால பங்கர்களுக்குள் வணிகம் வருவதை நான் வரவேற்கிறேன். பெரும்பாலான இடங்களில் அதைவிட நல்ல வழி இல்லை என்றே கருதுகிறேன். ஆனால், கட்டடம் பொதுச்சொத்தாகவே இருக்க வேண்டும். அதைக் கட்டியவர்கள் யார் என்பது உள்ளே காலெடுத்து வைப்பவருக்குத் தெரிந்தாக வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் நடக்கும் வணிகத்தை ஏற்க முடியாது.

முதலில், இவற்றை இடித்துத் தள்ளினால் என்ன என்று கேட்கலாம். தள்ள முடியவில்லை என்பதே நேரான பதில். பெர்லின் விலங்குக் காட்சிசாலையை ஒட்டி நின்ற கோபுரத்துக்கு 1947இல் பிரிட்டிஷ் ராணுவம் டன் கணக்கில் வெடிமருந்து வைத்தது, கோபுரம் விழவில்லை. இன்னும் அதிக வெடிமருந்து சேர்த்து 1948இல்தான் அதைச் சாய்க்க முடிந்தது. அங்கே சுற்றிலும் பூங்கா இருந்ததால் அந்தத் துணிச்சலாவது சாத்தியமானது. வீடுகள் நெருக்கமாக நிற்கும் ஹாம்பர்க்கிலும் வியன்னாவிலும் அப்படி ஒரு வெடி வைத்தால் பங்கருக்கு முன்னால் பக்கத்துத் தெருக்கள் விழுந்துவிடும். நார்வேயின் த்ரோண்ட்ஹைம் துறைமுகத்தில் ஜெர்மானியர் கட்டிய ‘டோரா’ நீர்மூழ்கித் தளமும் இந்தக் காரணத்தால்தான் தப்பி நிற்கிறது. வெடி வைக்காமல் துண்டு துண்டாக அறுத்தெடுப்பதற்குக் காலமும் பணமும் ஏராளமாகத் தேவை. சாங்க்ட் பவுலியில் பெரிய கோபுரத்துக்குத் துணையாக நின்ற சிறிய கோபுரத்தை 1970களில் அகற்றினார்கள். அதன் பிறகு பெரியதைத் தொட யாரும் முன்வரவில்லை. 1940 அக்டோபரில் ஹிட்லர் உத்தரவிட்ட அவசரத் திட்டத்தின் கீழும் அதன் பின்னும் ஹாம்பர்க்கில் மட்டும் எழும்பிய பங்கர்களும் காப்பிடங்களும் ஆயிரத்துக்கும் மேல். பிரான்சின் கடற்கரையில் தொடங்கி நார்வே வரை நீண்ட அட்லாண்டிக் அரணின் கான்கிரீட்டுக்குக் கணக்கே இல்லை. ஆக, இடிக்கவும் முடியாத, விட்டுப்போகவும் முடியாத சொத்து இது. கூரை ஒழுகினால் யாரோ பார்க்க வேண்டும். கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் உதிர்ந்தால் கீழே நடப்பவரைக் காக்க வேண்டும். அந்தச் செலவை யார் தலையில் ஏற்றுவது என்ற கேள்வியிலிருந்துதான் எந்த நேர்மையான விவாதமும் தொடங்க முடியும்.

பங்கரில் எந்த வணிகம் நிலைக்கும் என்பதை அதன் சுவர்தான் முடிவுசெய்கிறது. இரண்டு, மூன்று மீட்டர் தடித்த சுவருக்குள் கோடையும் குளிரும் எளிதில் நுழைவதில்லை. சத்தம் வெளியே போவதில்லை. வெளிச்சம் உள்ளே வருவதில்லை. பெர்லின் ஃப்ரீட்ரிக் தெரு ரயில் நிலையத்துக்கு அருகில் ரயில் பயணிகளுக்காகக் கட்டப்பட்ட பங்கரின் வாழ்க்கை இதற்குச் சரியான சான்று. 1945இல் சோவியத் ராணுவம் அதைப் போர்க் கைதிகளின் சிறையாக்கியது. 1950களின் பிற்பகுதியிலிருந்து கிழக்கு ஜெர்மனி அதில் வெப்பமண்டலப் பழங்களைச் சேமித்தது. ‘வாழைப்பழ பங்கர்’ என்றே ஊரார் அழைத்தார்கள். 1990களில் அது டெக்னோ இசை விடுதி. 2003இல் கிறிஸ்டியான் போரோஸ் என்ற கலைச் சேகரிப்பாளர் வாங்கி, தளங்களையும் சுவர்களையும் ஆங்காங்கே அறுத்து, 120 அறைகளை 80 ஆக்கி, 2008இல் சமகாலக் கலைக்கூடமாகத் திறந்தார். வெளிச்சுவரில் 1945ஆம் ஆண்டுச் சண்டையின் குண்டுத் தழும்புகளை அவர் பூசி மறைக்கவில்லை. டோராவுக்குள் இன்று நார்வேயின் அரசு ஆவணக் காப்பகமும் பந்துருட்டு விளையாட்டுக் கூடமும் இருக்கின்றன. ஜெர்சி தீவில் ஒரு ஜெர்மானிய பங்கர் மீன் வியாபாரிகளின் நண்டுத் தொட்டியாகியிருக்கிறது. சுவிட்சர்லாந்தில் மலையைக் குடைந்து செய்த ராணுவ அறைகளில் பாலாடைக்கட்டி பக்குவமடைகிறது. வங்கிகளின் தரவுச் சேமிப்புக் கணினிகள் ஓடுகின்றன.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஹாம்பர்க்கின் இன்னொரு மூலையான வில்ஹெல்ம்ஸ்பர்க்கில் இருக்கிறது. 1943இல் கட்டிய 42 மீட்டர் உயரக் கோபுரம் அது. 1947இல் பிரிட்டிஷ் ராணுவம் உட்புறத்தை வெடிவைத்துத் தகர்த்தது. உள்தளங்கள் சரிந்தன, வெளிக்கூடு மட்டும் நின்றது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் அந்த உழைப்பாளர் குடியிருப்பின் நடுவே அது ஆபத்தான பாழ்கூடாகக் கிடந்தது. 2013இல் நகரம் அதை எரிசக்தி நிலையமாக மாற்றியது. உள்ளே 20 லட்சம் லிட்டர் தண்ணீர் கொள்ளும் ராட்சதத் தொட்டி. அருகிலுள்ள தொழிற்சாலையின் கழிவு வெப்பம், கூரைமேல் வைத்த சூரிய வெப்பத் தகடுகள், எரிவாயு இயந்திரம் எல்லாம் அந்தத் தண்ணீரைச் சூடாக்குகின்றன. அங்கிருந்து குழாய் வழியாகச் சுற்றுப்புற வீடுகளுக்கு வெப்பம் போகிறது. தெற்குச் சுவர் முழுக்க மின்சாரம் தயாரிக்கும் சூரியப் பலகைகள். முப்பது மீட்டர் உயரத்தில் ஒரு தேநீர்க் கடை. அங்கே அந்தக் கோபுரத்தின் கதையைச் சொல்லும் கண்காட்சி. குண்டு தாங்கக் கட்டிய சுவர் இன்று வெப்பத்தைத் தாங்கி நிற்கிறது. எந்தப் பழைய பீரங்கி மேடை எந்த மக்களை அச்சத்தில் வைத்திருந்ததோ, அந்த மக்களின் வீட்டுக்குக் குளிர்காலத்தில் சூடு தருகிறது. இதைப் பார்த்த பிறகும் போர்க் கட்டடத்தைத் தொடவே கூடாது என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனாலும் சொல்கிறார்கள், அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. உயிருக்கு அஞ்சி ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நின்ற இடம். 1943 ஜூலையில் நேச நாட்டு விமானங்கள் ஹாம்பர்க்கை எரித்தபோது சாங்க்ட் பவுலி கோபுரத்துக்குள் 25,000 பேர் வரை ஒண்டியிருந்தார்கள். அங்கே மதுக்குவளை ஏந்துவது துக்கத்தை மிதிப்பதாகாதா என்பது அவர்கள் கேள்வி. நான் திருப்பிக் கேட்பது, பூட்டி வைத்தால் துக்கம் காப்பாற்றப்படுமா என்பதே. பிரேமன் அருகே ஃபார்கேயில் நிற்கும் ‘வாலன்டீன்’ பங்கரைப் பாருங்கள். 400 மீட்டருக்கும் அதிக நீளம். நீர்மூழ்கிக் கப்பல்களைத் தொடர் உற்பத்தி செய்ய 1943இல் தொடங்கிய கட்டுமானம். 1,100க்கும் மேற்பட்டோர் அங்கே வேலைவாங்கியே கொல்லப்பட்டார்கள். போருக்குப் பிறகு எந்த வணிகமும் அதைத் தீண்டவில்லை. 1960களிலிருந்து 2010 வரை ஜெர்மன் கடற்படையின் கிடங்காக அது மூடியே இருந்தது. அந்த அரை நூற்றாண்டின் பெரும்பகுதியில் பொதுமக்கள் விரும்பியபடி உள்ளே போக முடியவில்லை. 1983இல் வைத்த நினைவுச் சிற்பம் வேலிக்கு வெளியேதான் நின்றது. 2015இல்தான் அது நினைவகமாகத் திறந்தது. மூடி வைப்பது மரியாதை என்ற எண்ணம் எவ்வளவு தவறு என்பதற்கு வாலன்டீனின் அந்த ஐம்பது ஆண்டுகளைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை. மக்கள் புழங்கும் இடத்தில்தான் கேள்வி எழும். பாட்டுக் கச்சேரிக்கு வரும் இருபது வயதுப் பெண், இந்தச் சுவர் ஏன் இவ்வளவு தடிமன் என்று கேட்பாள். பூட்டிய கதவுக்கு முன்னால் யாரும் எதையும் கேட்பதில்லை. எல்லா பங்கரையும் நினைவகமாக்கினால் ஆகாதா என்றால், வாலன்டீன் போன்ற இடங்களுக்கு அதுவே சரி. ஆனால் ஆயிரக்கணக்கான பங்கர்களுக்கும் அருங்காட்சியகச் செலவை எந்த அரசும் ஏற்காது. ஏற்றாலும் பார்வையாளர்கள் இருக்க மாட்டார்கள்.

அந்த இருபது வயதுப் பெண்ணின் கேள்விக்கு அங்கே பதில் இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை. தடித்த சுவர், மாறாத குளிர்ச்சி, சத்தம் கசியாத அமைதி: இன்றைய குத்தகைதாரர் காசு கொடுத்து வாங்குவது இவற்றைத்தான். இந்த மூன்றையும் உண்டாக்கியது யார்? ஹாம்பர்க்கிலும் பெர்லினிலும் பிரேமனிலும் போலந்து, சோவியத் நாடுகளிலிருந்தும் மேற்கு ஐரோப்பாவிலிருந்தும் பிடித்துவரப்பட்ட கட்டாய உழைப்பாளர்கள், போர்க் கைதிகள், வதைமுகாம் கைதிகள். பிரான்சின் போர்தோ நகர நீர்மூழ்கித் தளத்தில், ஸ்பெயினில் பிராங்கோவின் ஆட்சிக்குத் தப்பி வந்த ஸ்பானியக் குடியரசுவாதிகள். த்ரோண்ட்ஹைமில் சோவியத், யூகோஸ்லாவியக் கைதிகள். போர்க்காலத்தில் ஜெர்மன் மண்ணில் மட்டும் இப்படி வேலை வாங்கப்பட்டவர்கள் சுமார் 1.3 கோடிப் பேர். மனத்தைச் சுடும் இன்னொரு உண்மையும் உண்டு. கிழக்கிலிருந்து கொண்டுவரப்பட்ட போலந்து, சோவியத் தொழிலாளர்களுக்கும் யூதர்களுக்கும் பொதுக் காப்பிடங்களுக்குள் இடம் மறுக்கப்பட்டது. விமானம் வரும்போது, தாங்கள் கான்கிரீட் ஊற்றிய கூரையின் கீழ் அவர்கள் ஒண்ட முடியவில்லை. பள்ளங்களில் படுத்துக் கிடந்தார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, ‘தனித்துவமான தொழிற்கால அழகு’ என்று விளம்பரம் செய்து அந்தச் சுவரை வாடகைக்கு விடுவதை எந்த நேர்மையுள்ள நகராட்சியும் செய்யக் கூடாது. ஒருவர் கூலியில்லாமல் செய்த வேலையின் பயனை இன்னொருவர் எண்பது ஆண்டு கழித்து விற்கிறார். விற்கட்டும், யாருடைய வேலை என்பதையாவது சொல்லிவிட்டு விற்கட்டும்.

இது பழங்கணக்கு, எப்போதோ தீர்ந்துவிட்டது என்ற வாதம் எழும். 2000ஆம் ஆண்டில் ஜெர்மன் அரசும் தொழில்துறையும் சேர்ந்து 1,000 கோடி மார்க் போட்டு, ‘நினைவு, பொறுப்பு, எதிர்காலம்’ என்ற அறக்கட்டளையை அமைத்தன; உயிரோடு இருந்த 16 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அது 2007 வரை பணம் கொடுத்தது. அது உலகத்துக்கே முன்மாதிரியான செயல். ஆனால் போர் முடிந்து 55 ஆண்டுகள் கழித்து வந்த அந்தப் பணம், அதுவரை பிழைத்திருந்தவர்களுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. வேலைத்தளத்திலேயே செத்தவருக்கு எந்தத் தொகையும் போகவில்லை, போகவும் வழியில்லை. அவருக்குக் கொடுக்க மிச்சம் இருப்பது பெயர் ஒன்றுதான். அதைக் கொடுக்க ஹோட்டலுக்கும் கலைக்கூடத்துக்கும் ஆகும் செலவு, ஒரு தளத்துக் குளிரூட்டியின் செலவைவிடக் குறைவு.

கவனமில்லாத வணிகம் என்ன செய்யும் என்பதற்கு வியன்னா பாடம். எஸ்டெர்ஹாசி பூங்காவிலுள்ள விமான எதிர்ப்புக் கோபுரத்தில் 1950களின் பிற்பகுதியிலிருந்து கடல்வாழ் உயிரினக் காட்சியகம் இயங்குகிறது. குழந்தைகள் சுறாவைப் பார்க்க வரும், ஊரே நேசிக்கும் இடம். அதன் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் 1991இல் அமெரிக்கக் கலைஞர் லாரன்ஸ் வெய்னர், போரின் அழிவை நினைவூட்டும் ஒரு வாசகத்தை அந்தக் கோபுரத்தின் உச்சிச் சுவரில் பெரிய எழுத்துகளில் எழுதியிருந்தார். தூரத்திலிருந்தே தெரிந்த அந்தப் போர் எதிர்ப்புப் படைப்பு, 2019இல் காட்சியகத்தின் விரிவாக்கப் பணியில் காணாமல் போனது. யாரும் தீய எண்ணத்தோடு செய்யவில்லை. இடம் தேவைப்பட்டது, சுவர் அங்கே இருந்தது, அதைக் காக்கும் கட்டாயம் இருக்கவில்லை. நினைவு இப்படித்தான் போகிறது. போர்தோவில் 2020இலிருந்து நீர்மூழ்கித் தளத்தின் நான்கு நீர்த்தொட்டிகளில் ஒளிக்காட்சி நடக்கிறது. ஓவியர் கிளிம்ட்டின் பொன்னிறம் கான்கிரீட் சுவரில் விரிந்து கறுப்புத் தண்ணீரில் கரைந்த காட்சி உண்மையிலேயே அழகு. அந்தச் சுவரைக் கட்டிய ஸ்பானியருக்கான நினைவுச்சின்னம் தளத்துக்கு வெளியே நிற்கிறது. இடையே இருப்பது சில அடி தூரம்தான் என்றாலும், நுழைவுச்சீட்டு வாங்கியவர் அந்தப் பக்கம் திரும்ப வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. நினைவை வாசலுக்கு வெளியே நிறுத்தும் இந்த ஏற்பாடு போதாது என்பது என் கருத்து. ஹாம்பர்க்கில் நிலைமை மேலாக இருப்பதற்குக் காரணம் முதலாளியின் பெருந்தன்மை அல்ல. அக்கம்பக்கத்தார் குழு அமைத்து, பங்கரில் ஒதுங்கிய முதியவர்களின் வாய்மொழியைப் பதிவுசெய்து, கட்டாய உழைப்பாளர்களைப் பற்றித் தேடி, நினைவிடம் இல்லாமல் உச்சித் தோட்டம் இல்லை என்று ஆரம்பத்திலிருந்தே சொன்னார்கள்.

முதலீட்டாளர் ஓடிவிடுவார் என்பது நகராட்சிக் கூட்டங்களில் வழக்கமாகக் கேட்கும் பயம். ‘இங்கே இத்தனை பேர் செத்தார்கள்’ என்று எழுதி வைத்த ஹோட்டலில் யார் தங்குவார் என்கிறார்கள். சாங்க்ட் பவுலியே இதற்குப் பதில்: நினைவும் ஹோட்டலும் ஒரே திட்டத்தில் இருந்தும் பணம் போட ஆள் இருந்தது. பெர்லின் கலைக்கூடத்துக்கு வழிகாட்டியோடுதான் போக முடியும். அந்தச் சுற்றில் கட்டடத்தின் வரலாறும் ஒரு பகுதி, அதுவே ஈர்ப்பும்கூட. லண்டனில் போர்க்காலக் குண்டுத்தாக்குதலுக்கு அஞ்சிச் சுரங்க ரயில் பாதைகளுக்குக் கீழே எட்டு ஆழ்நிலைக் காப்பிடங்கள் கட்டினார்கள். அவை கூலிக்கு வேலை செய்தவர்களால் ஆனவை. எனவே நான் பேசும் கடன் அங்கே இல்லை. இருந்தும் அவற்றில் ஒன்றான கிளாப்ஹம் சவுத்தில், 1948இல் ‘விண்ட்ரஷ்’ கப்பலில் வந்த கரீபியத் தொழிலாளர்கள் தங்கியதைச் சொல்லியே சுற்றுலா நடத்துகிறார்கள், கூட்டம் வருகிறது. உண்மை, வாடிக்கையாளரை விரட்டியதாக எந்த இடத்திலும் நான் காணவில்லை.

பெயர் எங்கே கிடைக்கும் என்பது இதைவிடக் கனமான கேள்வி. ஐரோப்பாவைப் பொறுத்தவரை பெருமளவுக்குக் கிடைக்கும். ஜெர்மனியின் பாட் அரோல்சன் நகரில் நாஜிகளால் துன்புற்றவர்களைப் பற்றிய ஆவணக் காப்பகம் இருக்கிறது, சுமார் 1.75 கோடிப் பேரைப் பற்றிய தகவல்கள், மூன்று கோடி அளவிலான ஆவணங்களில். 2019இலிருந்து இணையத்தில் தேடவே முடிகிறது. வேலைமுகாம் அட்டைகள், மருத்துவமனைப் பதிவுகள், சாவுப் பட்டியல்கள் எல்லாம் அங்கே உண்டு. ஒரு பங்கருக்கு ஒரு ஆய்வாளரை ஓராண்டு அமர்த்தினால் முழுப் பட்டியல் இல்லாவிட்டாலும் கணிசமான பட்டியல் தயாராகும். தமிழர்களுக்கு இந்தக் கேள்வி ஏன் நெஞ்சில் தைக்க வேண்டும் என்றால், பெயர் கிடைக்காமல் போனதன் விளைவு எப்படியிருக்கும் என்பதை நாம் அறிவோம். 1942–43இல் ஜப்பானியர் கட்டிய 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில்பாதை பங்கர் அல்ல. ஆனால் அதுவும் போருக்காகக் கட்டாய உழைப்பில் எழுந்து, இன்று வருமானம் தரும் சொத்து. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் க்வாய் ஆற்றுப் பாலத்தைப் பார்க்கப் பேருந்து பேருந்தாக ஆட்கள் வருகிறார்கள். பாதையின் ஒரு பகுதியில் இன்றும் ரயில் ஓடுகிறது. கரையெல்லாம் விடுதிகளும் கடைகளும். அங்கே செத்த 12,000க்கும் மேற்பட்ட நேச நாட்டுக் கைதிகளில் ஏறக்குறைய 7,000 பேரின் கல்லறைகள் நகர நடுவிலுள்ள மயானத்தில் வரிசையாக, பராமரிப்போடு இருக்கின்றன. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள், பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர் ஆகியோரின் சாவு அதைவிடப் பல மடங்கு. ஆனால் அதற்கு மதிப்பீடுகள்தாம் உண்டு, பட்டியல் கிடையாது. கைதிகளுக்கு அவரவர் ராணுவம் பதிவேடு வைத்திருந்தது. தோட்டத் தொழிலாளிக்குப் பதிவேடு வைக்க யாரும் இல்லை. சுற்றுலா வந்த பிறகு பெயர் தேடத் தொடங்கினால் எவ்வளவு தாமதம் என்பதை அந்தப் பாலத்தடியில் பார்க்கலாம்.

இனி, கட்டடம் பொதுச்சொத்தாகவே இருக்க வேண்டும் என்று நான் ஏன் வற்புறுத்துகிறேன்? நினைவுக்காக மட்டும் இல்லை, உயிர்ப் பாதுகாப்புக்கும்தான். பனிப்போர் முடிந்துவிட்டது, இனி காப்பிடம் எதற்கு என்று ஜெர்மனி 2007இல் பொதுக் காப்பிடங்களைக் கைவிடத் தீர்மானித்தது, ஒன்றொன்றாக விற்றது. 2022இல் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்ததும் அந்த விற்பனையை நிறுத்தினார்கள். எண்ணிப் பார்த்தபோது மிச்சமிருந்தவை 579, ஏறத்தாழ 4.8 லட்சம் பேருக்கு இடம். மக்கள்தொகையோ எட்டு கோடிக்கும் மேல். சுவிஸ் ராணுவமும் தன் பழைய அரண்களை விற்பதை நிறுத்திக்கொண்டது. போர் வந்தால் தேவைப்படும் என்பதற்காகக் காலியாகவே வைத்திருக்க வேண்டும் என்று சிலர் இப்போது எதிர்முனைக்குப் போகிறார்கள். அதற்கும் அவசியமில்லை. ஹெல்சிங்கியின் கிழக்குப் பகுதியில் பாறைக்குள் குடைந்த நீச்சல்குளம் ஒன்று இருக்கிறது. சாதாரண நாளில் பள்ளிப் பிள்ளைகள் நீந்துகிறார்கள். நெருக்கடி வந்தால் தண்ணீரை வடித்துவிட்டு, 72 மணி நேரத்துக்குள் 3,800 பேர் ஒதுங்கும் காப்பிடமாக மாற்ற வேண்டும் என்பது விதி. சுவிட்சர்லாந்தில் வீட்டின் அடித்தளக் காப்பறையைக் குடும்பங்கள் சாமான் அறையாக வைத்துக்கொள்கின்றன. உத்தரவு வந்தால் ஐந்து நாளில் ஒழித்துத் தர வேண்டும். வணிகமும் பாதுகாப்பும் ஒரே கூரையின் கீழ் இருக்க முடியும் என்பதை இவை காட்டுகின்றன. கிரயப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த விதியைப் பிறகு யார் மீது போடுவது? குத்தகை என்றால் திரும்பக் கேட்கலாம், நிபந்தனை சேர்க்கலாம், மீறினால் ரத்து செய்யலாம். சாங்க்ட் பவுலி பங்கரை ஹாம்பர்க் நகரம் நீண்டகாலக் குத்தகைக்குத்தான் விட்டிருக்கிறது என்பதும், அங்கே உச்சித் தோட்டம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்பதும் தொடர்பில்லாதவை என்று எனக்குத் தோன்றவில்லை.

பொதுச்சொத்து என்று சொல்லும்போது ராணுவத்தின் சொத்தை நான் சொல்லவில்லை. இந்த வேறுபாடு இலங்கையின் வடக்கில் துல்லியமாகத் தெரிகிறது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்களை வெளியேற்றி உயர் பாதுகாப்பு வலயம் ஆக்கிய காங்கேசன்துறைக் கடற்கரையில், போருக்குப் பிறகு ராணுவமே ‘தல்செவன’ என்ற விடுதியை நடத்தியது. அறை வாடகைக்குக் கிடைத்தது. நிலத்துக்கு உரியவர்கள் நலன்புரி முகாமில் இருந்தார்கள். புதுக்குடியிருப்புப் பகுதியில் விடுதலைப் புலிகளின் தலைவர் பயன்படுத்திய நிலத்தடி பங்கரை ராணுவம் சில ஆண்டுகள் தென்னிலங்கைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டியது. 2013 அக்டோபரில் வெடிவைத்துத் தகர்த்தது. ஒரு தரப்பின் வெற்றிக் கதையை மட்டும் சொல்லிக் காட்டியதும் தவறு. எந்தக் கதையையும் இனி யாரும் சொல்ல முடியாதபடி அழித்ததும் தவறு. அதைச் சுற்றி வாழ்ந்த மக்கள், தங்கள் முற்றத்தில் பதுங்குகுழி வெட்டி அதில் பிள்ளைகளைக் காத்தவர்கள், பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள், எதைக் காக்க வேண்டும் எதை மூட வேண்டும் என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை. படை வீரர் சீருடையை மாற்றிக்கொண்டு வரவேற்பு மேசைக்குப் பின்னால் நிற்பதால் ராணுவக் கட்டடம் மக்கள் கட்டடமாகிவிடாது. நிலம் உரியவரிடமும் கட்டடம் உள்ளூராட்சி மன்றத்திடமும் வந்த பிறகுதான் அங்கே ஹோட்டலா, நூலகமா, நெல் கிடங்கா என்று பேசவே முடியும்.

எனவே ஒப்பந்தத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதை வெளிப்படையாகச் சொல்லலாம். விற்பனை வேண்டாம், கால வரையறை உள்ள குத்தகை போதும். யார், எங்கிருந்து, எத்தனை பேர், எப்படிக் கொண்டுவரப்பட்டு இதைக் கட்டினார்கள் என்ற ஆய்வை, டெண்டர் விடுவதற்கு முன்பே நகராட்சி செய்து முடித்திருக்க வேண்டும்; அதன் செலவைக் குத்தகைத் தொகையில் சேர்த்துக்கொள்ளலாம். அதன் முடிவு பிரதான வாசலுக்கு உள்ளே, நுழைவுச்சீட்டு தேவைப்படாத இடத்தில், கட்டியவர்களின் தாய்மொழிகளிலும் இருக்க வேண்டும். கட்டடத்தை மாற்றும்போது அந்தச் சுவரைத் தொட இன்னொரு தனி அனுமதி வேண்டும். வியன்னாவில் அப்படி ஒரு விதி இருந்திருந்தால் அந்த எழுத்துகள் இன்றும் இருந்திருக்கும். கட்டியவர்களின் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ தேடி வந்தால் எந்த நாளும் இலவசமாக உள்ளே விட வேண்டும். தீயணைப்புத் துறையின் சான்று இல்லாத கட்டடத்துக்கு உரிமம் கொடுப்பதில்லை. கட்டியவர்களின் பட்டியல் மாட்டாத பங்கருக்கும் கொடுக்கக் கூடாது.